எத்தியோப்பியன் ஹோட்டலுக்கு குடும்பத்தோட போறீங்களா? இதையெல்லாம் பண்ணாதீங்க

பாலக்காடு ஜில்லாவுல கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் நெறைய வீட்டுல ஒரு ஆளாவது கல்ஃப்ல இருக்காங்க, அதனால ஊர்ல இருந்து அப்பா அம்மா அம்மாயின்னு விசிட் விசாவுல போறதும் சகஜம் ஆயிடுச்சு, துபாய்ல 2022 ஜனவரில இருந்து சனி ஞாயிறு லீவுங்கறதால மருமகன் ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு டெய்ரா பக்கம் ஒரு எத்தியோப்பியன் ஹோட்டலுக்கு எல்லாரையும் வண்டில ஏத்திருவாரு. பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது.

உக்காந்ததும் ஆளுக்கொண்ணுன்னு ஆர்டர் பண்றதுதான் பெரிய தப்பு. அங்க ஒரே பெரிய தட்டு, அதுல தோசை மாதிரி இருக்கற இஞ்செராவ விரிச்சு அதுமேலயே எல்லா குழம்பும் குட்டிக் குட்டியா ஊத்தி வரும், சுத்தி உக்காந்து எல்லாரும் அதுலயே கை வெக்கணும். எச்சி பாக்கற அம்மாயி அதப் பாத்துட்டு முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு "எனக்குப் பசியே இல்ல சாமி"ன்னுடும். அத வற்புறுத்தாதீங்க, மொதல்லயே ஒரு தனித் தட்டு கேட்டு வாங்கி பரிமாறிருங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. மத்தவங்க வலது கையால அவங்கவங்க முன்னாடி இருக்கறத பிச்சு எடுத்தா போதும், எதிர்ல இருக்கற கறித்துண்டுக்கு கை நீட்ட வேண்டாம். எத்தியோப்பியக்காரங்க யாராவது கூட இருந்து ஒரு வாய் உருட்டி ஊட்ட வந்தா மூஞ்சியத் திருப்பிக்காதீங்க, அது குர்ஷா, பிரியத்துல ஊட்டறது.

இஞ்செராவ தோசைன்னு நெனச்சு சட்னி கேட்டா ஏமாத்தம்தான். டெஃப்னு ஒரு பொடி தானியம், அந்த மாவ நாள்கணக்கா புளிக்க வெச்சு திருப்பிப் போடாம ஒரு பக்கம் மட்டும் வேக வெக்கறது, நல்லாவே புளிக்கும். கோதுமை ஒத்துக்காதவங்க கண்டிப்பா கேட்டுக்கோங்க, டெஃப்ல குளூட்டன் இல்ல, ஆனா வெளிநாட்டுல பல எடத்துல வேற மாவு கலக்கறாங்க. இன்னொண்ணு, அடியில குழம்பு ஊறிக் கெடக்கற இஞ்செராவ அப்படியே விட்டுட்டு எந்திரிக்காதீங்க, தட்டுலயே ருசியான எடம் அதுதான்.

சைவக்காரங்க வெறுமனே "வெஜ்"னு சொல்லாம "ஃபாஸ்டிங் பெயாய்நெத்து"ன்னு கேளுங்க. எத்தியோப்பியாவுல ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க புதனும் வெள்ளியும் நோன்பு இருந்து கறி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டாங்க, அதனால பருப்பு, ஷீரோங்கற கடலைமாவுக் குழம்பு, கீரை, முட்டைகோஸ்னு சைவத் தட்டு பழகிப்போன விஷயம். ஞாயித்துக்கெழமையும் கெடைக்கும், கேட்டாத்தான்.

நம்ம பக்கம் பீஃப் புதுசில்லதான், ஆனா மெனுவுல கிட்ஃபோ பாத்துட்டு கீமான்னு நெனச்சு ஆர்டர் போட்டுராதீங்க, அது பச்சையா கொத்தின மாட்டுக்கறி, மசாலாவும் நெய்யும் போட்டு வெதுவெதுன்னு வரும். நல்லா வேக வெச்சுக் குடுங்கன்னு சொன்னா குடுப்பாங்க. காரத்துக்கு பயப்படாதவங்க தோரோ வாட் எடுங்க, வெங்காயத்த ரொம்ப நேரம் வதக்கி பெர்பெரே மசாலா போட்ட கோழிக்குழம்பு, கூட அவிச்ச முட்டை.

கடைசில "ஒரு காபி சீக்கிரம்"னு மட்டும் சொல்லாதீங்க. முறையா போடற காபின்னா கொட்டைய கண் முன்னாடி வறுத்து, இடிச்சு, ஜெபெனாங்கற மண் கூஜாவுல கொதிக்க வெச்சு மூணு சுத்து ஊத்துவாங்க, கொறிக்க பாப்கார்ன் வரும். பால் இருக்காது, நேரம் ஆகும். அதனால சாப்பாடு ஆர்டர் பண்ணும்போதே இதையும் சொல்லிருங்க, கூடுதலா ஒரு மணிநேரம் கையில வெச்சுக்கிட்டு வந்து உக்காருங்க.