க்வில்ட் பார்டர் நெளிவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சடுக்கு வைத்துத் தைக்கும் போர்வைதான் க்வில்ட். புதிதாக அதைத் தைப்பவர்கள் நடுப்பகுதியை அருமையாக முடித்துவிட்டு, கடைசியில் அதைச் சுற்றி வைக்கும் பட்டையான பார்டரில் சறுக்குவதை அடிக்கடி பார்க்கிறேன். கட்டங்கள் முனைக்கு முனை பொருந்தியிருக்கும், நிறங்கள் சேர்ந்து வந்திருக்கும். தரையில் விரித்தால் மட்டும் ஓரமெல்லாம் ஃப்ரில் வைத்தது போல அலையடிக்கும். "துவைத்தால் சரியாகிவிடுமா?" என்று கேட்பார்கள். நெளிவு லேசாக இருந்தால் ஓரளவு அடங்கும், அவ்வளவுதான். தையலுக்குக் கால் அங்குலம் விடுவது, மழுங்கிய ஊசியை மாற்றுவது எல்லாம் முதல் நாளே யாராவது சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அளக்காமல் தைத்துவிட்டு மிச்சத்தை வெட்டுவது

இன்னமும் எனக்கு எரிச்சல் வரவழைக்கும் தவறு இதுதான். தேவைக்கு மேல் நீளமான பட்டையை எடுத்து, ஒரு முனையைப் பொருத்தி, மெஷினை ஓட்டிவிட்டு, மறுமுனையில் தொங்குவதைக் கத்தரிப்பது. சீக்கிரம் முடியும் என்பதாலேயே ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு அடி அகலச் சின்னத் துண்டில் தப்பித்துவிடலாம். கட்டில் அளவு க்வில்டில் முடியாது.

க்வில்டின் வெளி ஓரம் நம்பகமான அளவு இல்லை. எத்தனையோ முறை கைபட்டு, இழுபட்டு, இஸ்திரி வாங்கிய இடம் அது. துண்டுகளின் கிராஸ் பக்கம் (நூலுக்குச் சாய்வாக வெட்டிய பக்கம்) ஓரத்தில் வந்திருந்தால் இன்னும் மோசம், தொட்டாலே நீளும். உதாரணமாக, நடுவில் 71 அங்குலம் இருக்கும் க்வில்ட் ஓரத்தில் 72 காட்டலாம். அந்த ஓரத்தோடு ஒட்டித் தைத்தால் பார்டரும் 72 அங்குலம் ஆகிவிடும். கூடுதலான அந்த ஒரு அங்குலத்துக்குப் போக வேறு இடம் இல்லை, மேலே எழும்பித்தான் ஆக வேண்டும்.

மெஷினும் தன் பங்குக்குச் சேர்க்கும். கீழே இருக்கும் பல், அடித் துணியை முன்னே இழுக்கும். மேலே அழுத்தும் ஃபுட், மேல் துணியைச் சற்றுப் பின்தங்க வைக்கும். பார்டர் கீழே இருந்தால் தேவைக்கு மேல் பட்டை உள்ளே போய்விடும். மேலே இருந்து, நீங்களும் கையால் இழுத்துப் பிடித்தால் நடுப்பகுதி சுருங்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

ஒருவர் மூன்று அடுக்கு பார்டர் வைத்த க்வில்டைக் கொண்டுவந்தார். மடித்து, இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். ஒரு பக்கம் நன்றாகவே நீண்டிருந்தது. துணிதான் மட்டம் என்று அவர் அடித்துச் சொன்னார். துணியில் ஒரு குறையும் இல்லை. முதல் பார்டர் நெளிந்தது, இரண்டாவதை அந்த நெளிந்த ஓரத்தில் தைத்தார், மூன்றாவதை அதன்மேல். பிழை ஒவ்வொரு அடுக்கிலும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. மூன்றையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

சரி, எப்படிச் செய்வது? க்வில்டை மட்டமாக விரித்து, நீளவாக்கில் மூன்று இடங்களில் அளந்துகொள்ளுங்கள்: நடுவில் ஒன்று, இரு ஓரங்களிலிருந்தும் சற்று உள்ளே தள்ளி இரண்டு. ஓரத்தில் அளக்க வேண்டாம். 71, 71¼, 70¾ என்று வந்தால் சராசரி 71. இரண்டு பட்டைகளையும் சரியாக 71 அங்குலத்துக்கு வெட்டிய பிறகுதான் மெஷின் பக்கம் போக வேண்டும். மூன்று அளவுகளுக்கும் இடையே அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு நடுப்பகுதியில் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

பட்டையிலும் க்வில்ட் ஓரத்திலும் நடுவையும் கால் பாகங்களையும் மடித்து அடையாளம் செய்து, அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துக் குண்டூசி குத்துங்கள். முனைகளையும் விடாதீர்கள். இடைவெளிகளில் இன்னும் சில ஊசிகள். எந்தத் துணி கொஞ்சம் மிகுதியாக இருக்கிறதோ அதைக் கீழே, பல்லின் பக்கம் வைத்துத் தைத்தால் மிகுதியைப் பல்லே பரப்பி உள்வாங்கிக்கொள்ளும். பொதுவாக அது க்வில்டாகத்தான் இருக்கும். பக்கவாட்டு பார்டர் இரண்டும் முடிந்து, தையலை அழுத்திய பிறகு, அகலத்தைப் புதிதாக அளக்க வேண்டும், பக்க பார்டர்களையும் சேர்த்து. அப்புறம் மேலும் கீழும். அடுத்த அடுக்கு இருந்தால் அதற்கும் முதலிலிருந்து அளவு. பழைய கணக்கில் பார்டர் அகலத்தைக் கூட்டிப் போட்டு வெட்டும் குறுக்குவழி வேண்டாம்.

பட்டையை எந்தப் பக்கமாக வெட்டுகிறோம் என்று பார்க்காதது

கரைக்கு இணையாகப் போகும் பாவு நூல் பக்கம் துணி மிகக் குறைவாக நீளும். குறுக்கே போகும் ஊடைப் பக்கம் கொஞ்சம் நீளும். துணி கைவசம் போதுமான அளவு இருந்தால் பார்டரைக் கரைக்கு இணையாகவே வெட்டுங்கள், ஒட்டுப்போடும் வேலையும் குறையும். துணி போதாமல் குறுக்கே வெட்டினால் தப்பில்லை, ஆனால் அளவில் கூடுதல் கவனம் வேண்டும்.

நீராவியோடு இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுப்பது

வேண்டாம். வைத்து அழுத்தி எடுங்கள்.

நடுவில் நெருக்கமாகவும் பார்டரில் இடைவெளி விட்டும் தைப்பது

மேல் துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் போடும் க்வில்டிங் தையல் நெருங்க நெருங்க அந்தப் பகுதி உள்ளே சுருங்கும். நடுவை நெருக்கமாகத் தைத்துவிட்டு பார்டரில் நாலு கோடு மட்டும் ஓட்டினால், அளவெடுத்து வைத்த பார்டர்கூட நெளியும். இதனால்தான் "நான் ஒழுங்காக அளந்தேனே" என்று பலர் குழம்புகிறார்கள். பார்டரிலும் ஏறக்குறைய அதே நெருக்கம் இருக்கட்டும்.

ஓரப்பட்டியை இழுத்துத் தைப்பது

விளிம்பை மூடித் தைக்கும் ஓரப்பட்டியை இழுத்தால் ஓரம் கிண்ணம் மாதிரி மேலே சுருளும்.

நெளிந்துவிட்டால்

மேல் துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் முன்பே தெரிந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம், பிரியுங்கள். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போனால் மறுபக்க நூல் நீளமாகக் கையோடு வந்துவிடும், துணியை இழுக்க வேண்டியிருக்காது. பிரித்த பட்டையை அழுத்தி, அளந்து, சரியான நீளத்துக்கு வெட்டித் திரும்ப வையுங்கள்.

க்வில்டிங் முடிந்த பிறகுதான் கண்ணில் பட்டது என்றால் வழிகள் குறைவு. பார்டரில் தையலை நெருக்கமாக்கினால் கொஞ்சம் அடங்கும். ஓரப்பட்டி வைக்கும் முன் விளிம்பிலிருந்து அரைக்கால் அங்குலத்தில் பெரிய ஓட்டுத் தையல் ஒன்று போட்டு, நூலை மெதுவாக இழுத்து, ஓரத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவாருங்கள். சுருக்கு விழும் அளவுக்கு இழுக்காதீர்கள். அதன்மேல் ஓரப்பட்டியையும் அதே அளவுக்கு வெட்டித் தைத்தால் விளிம்பு அங்கேயே நின்றுவிடும். கடைசியாக, துணிக்குத் தாங்குமென்றால் க்வில்டை ஈரமாக்கி, தட்டையாக விரித்து, ஓரங்களை நேராக்கி ஊசி குத்தி, முழுக்கக் காயும்வரை அசைக்காமல் விடலாம். அரை அங்குலம் மிகுதி என்றால் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும். இரண்டு அங்குலம் என்றால் பார்டரைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.