தனியா வீடு வாங்குற பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாணம் ஆகலையோ, விவாகரத்து ஆச்சோ, கணவர் தவறிட்டாரோ, காரணம் எதுவா வேணா இருக்கட்டும். சொந்த சம்பளத்துல சொந்த பேர்ல வீடு வாங்கணும்னு முடிவு பண்ணதும் பலர் பண்ற முதல் தப்பு, பேங்க் சொல்ற தொகையை அப்படியே பட்ஜெட்டா எடுத்துக்கிறதுதான். "மேடம் உங்களுக்கு இவ்ளோ லோன் கிடைக்கும்"னு சொன்ன உடனே அந்த முழு தொகைக்கும் வீடு தேட ஆரம்பிச்சிடுறாங்க. ரெண்டு பேர் சம்பாதிக்கிற வீட்டுல ஒருத்தருக்கு வேலை போனா இன்னொருத்தர் கொஞ்ச நாள் ஓட்டிடுவாங்க, இங்க அந்த இன்னொரு சம்பளம் இல்ல. அதனால டவுன் பேமென்ட்டுக்குன்னு சேமிப்பை மொத்தமா வழிச்சுக் கொடுத்துடாதீங்க, குறைஞ்சது ஆறு மாச இஎம்ஐயும் ஆறு மாச வீட்டுச் செலவும் தொடாம தனியா இருக்கணும், ரிஜிஸ்ட்ரேஷன், வக்கீல் ஃபீஸ், வீட்டு வரி, மெயின்டனன்ஸ் எல்லாம் இதுக்கு மேல. அவ்ளோ மிஞ்சலைன்னா சின்ன வீடா பாருங்க, இல்ல இன்னும் கொஞ்ச நாள் சேத்துட்டு வாங்குங்க.

அடுத்தது வட்டி. 9 சதவீதத்துல 20 வருஷத்துக்கு லோன் எடுத்தா, வாங்கின காசு மாதிரி ரெண்டு மடங்குக்கும் மேல கட்டி முடிப்பீங்க, முதல் மாச இஎம்ஐல 80 சதவீதத்துக்கும் மேல வெறும் வட்டிதான். ஃப்ளோட்டிங் ரேட்டா, அதாவது அப்பப்போ ஏறி இறங்குற வட்டியா இருந்து, ஆரம்பத்துலயே அது 10 ஆயிடுச்சுன்னு வைங்க, இஎம்ஐ சுமார் 7 சதவீதம் ஏறும். ஏத்தாம அதே இஎம்ஐ கட்டுறேன்னு சொன்னா 20 வருஷம் 26 வருஷமா நீண்டுடும், பல பேருக்கு இது நடந்ததே தெரியாது ஏன்னா மாசம் பிடிக்கிற தொகை மாறல இல்லையா. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே ரெண்டு சதவீதம் ஏறினா என்னால கட்ட முடியுமான்னு போட்டுப் பாருங்க, அதோட வருஷா வருஷம் ஸ்டேட்மென்ட் எடுத்து இன்னும் எத்தனை மாசம் பாக்கின்னு செக் பண்ணுங்க.

எனக்கு ரொம்ப கவலை தர்றது பேர் விஷயம்தான். "அண்ணன் பேரையும் சேத்துக்கோம்மா, ஒரு பாதுகாப்பு"ன்னு வீட்டுல பாசமாத்தான் சொல்லுவாங்க. ஆனா லோன்ல சேர்றது வேற, பத்திரத்துல சேர்றது வேற. லோன்ல மட்டும் சேர்ந்தவருக்குக் கடன் பொறுப்பு வரும், அதனாலயே வீட்டுல உரிமை வந்துடாது. பத்திரத்துல பேர் வந்துட்டா, ஒரு பைசா கட்டலைன்னாலும் அவர் பங்குதாரர், நாளைக்கு வீட்டை விக்க அவர் கையெழுத்து இல்லாம முடியாது. அமெரிக்காவுலயே 1974-ல சட்டம் போட்டுத்தான் பொண்ணு, கல்யாணம் ஆகாதவன்னு காரணம் காட்டி கடன் மறுக்கக் கூடாதுன்னு ஆச்சு, அதுவரைக்கும் ஆம்பளை கையெழுத்து கொண்டு வான்னு கேக்குறது அங்க சாதாரணம். உங்க வருமானமே போதும்னா ஏன் இன்னொரு பேர் வேணும்னு தைரியமா கேளுங்க. அப்பாவோ ஃப்ரெண்டோ பணம் கொடுத்து உதவினா அது அன்பளிப்பா கடனான்னு எழுத்துல வாங்கிடுங்க, உறவு கெட்டுடும்னு தயங்காதீங்க, எழுதாம விட்டுத்தான் நிறைய உறவு கெட்டிருக்கு.

பேங்க் டாக்குமெண்ட் பாத்துடுச்சு, அப்புறம் எதுக்கு வக்கீல்னு நினைக்கிறதும் தப்பு. பேங்க் பாக்குறது அவங்க கொடுத்த கடன் பாதுகாப்பா திரும்பி வருமான்னுதான், உங்களுக்குன்னு பாக்க நீங்க காசு கொடுத்து வைக்கிற வக்கீல் வேணும், பில்டரோ புரோக்கரோ காட்டுற ஆள் வேண்டாம்.

வீட்டை ஞாயித்துக்கிழமை பகல்ல மட்டும் பாத்துட்டு அட்வான்ஸ் கொடுக்காதீங்க. வேலை முடிஞ்சு நீங்க வழக்கமா திரும்புற நேரத்துக்கு, வழக்கமா வர்ற வழியிலயே ஒரு தடவை வாங்க, தெரு விளக்கு எரியுதா, பேஸ்மென்ட் பார்க்கிங்ல ஃபோன் சிக்னல் கிடைக்குதா, லிஃப்ட் நின்னுட்டா மாடிப்படியில வெளிச்சம் இருக்கான்னு பாருங்க. சாவி கைக்கு வந்த அன்னைக்கே பூட்டை மாத்துங்க, பழைய ஓனர், புரோக்கர், பெயிண்டர்னு யார் யார்கிட்ட டூப்ளிகேட் இருக்கோ யாருக்குத் தெரியும். தனியா இருக்கப் போறேன்னு வேலைக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லத் தேவையில்ல.

லோனோட சேத்து விக்கிற இன்சூரன்ஸ் பெரும்பாலும் நீங்க இறந்தா பேங்க் கடனை அடைக்கிறதுக்குத்தான். உங்களை நம்பி யாரும் இல்லைன்னா அதைவிட முக்கியம், உடம்பு முடியாம நாலு மாசம் படுத்தா வருமானத்துக்கு என்ன வழிங்கிறது, அதுக்கு கவர் இருக்கான்னு தனியா கேளுங்க. அப்புறம் உயில். வாரிசு இல்லைன்னா எழுத வேண்டாம்னு நினைக்காதீங்க, எழுதலைன்னா வீடு யாருக்குப் போகணும்னு சட்டம் முடிவு பண்ணும், பேசி பல வருஷம் ஆன சொந்தத்துக்குக் கூடப் போகலாம். ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்ச கையோட அதே வக்கீல்கிட்ட உயிலையும் முடிச்சிட்டு, அது எங்க இருக்குன்னு நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லி வைங்க.