மாற்றம் பற்றிப் பேச எழுத்தாளரை அழைக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

கோவையில் பம்பு மோட்டார் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் ஹெச்.ஆர். வேலையில் இருந்த சமயம். யார் எவ்வளவு வேலை முடித்தார்கள் என்று குறிக்கும் காகித ஜாப் கார்டை நிறுத்திவிட்டு ஒவ்வொரு லைனிலும் டேப்லெட் வைப்பதாக நிர்வாகம் முடிவு செய்தது. ஆட்கள் முரண்டு பிடிப்பார்களோ என்று எங்களுக்குப் பயம். அதனால் ஆண்டு விழாவில் நிர்வாகவியல் புத்தகங்கள் எழுதிப் பெயர் வாங்கிய ஒருவரைச் சிறப்புரைக்குக் கூப்பிட்டோம். ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு.

ஐம்பது நிமிடம் நன்றாகவே பேசினார். கைதட்டலும் கிடைத்தது. கேள்வி கேட்கலாம் என்றதும் வைண்டிங் செக்‌ஷனில் இருந்து ஒரு அக்கா எழுந்தார். "ரீவொர்க்குக்குத் திரும்பி வர்ற மோட்டாரைச் சுத்துற நேரம் இந்த டேப்லெட்ல கணக்குல வருங்களா? வரலீன்னா எங்க இன்சென்டிவ் குறையுங்களா?"

பேச்சாளர் என்னைப் பார்த்தார். நான் பிளான்ட் மேனேஜரைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை. எம்.டி. குத்துவிளக்கு ஏற்றிய கையோடு வேறு கூட்டத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார். மாற்றத்தை நம்பிக்கையோடு பாருங்கள் என்கிற மாதிரி பேச்சாளர் ஏதோ சொல்லிச் சமாளித்தார். அக்கா உட்கார்ந்துவிட்டார். மறுநாள் கேன்டீனில் எல்லோரும் பேசிக்கொண்டது பதில் கிடைக்காத அந்தக் கேள்வியைப் பற்றித்தான். டேப்லெட்டும் ஆறு மாதம் இழுத்தது.

அப்புறம் வேறு பல நிறுவனங்களுக்கும் பேச்சாளர்களை ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் தவறு நடப்பது மேடையில் இல்லை, அழைப்பு அனுப்புவதற்கு முன்னால்தான். சம்பளம், ஷிப்ட், வேலை நிலைக்குமா என்பதையெல்லாம் வெளியில் இருந்து வரும் ஒருவர் சொல்ல முடியாது. நிர்வாகம் சொல்லத் தயங்குவதை அவர் வாயால் சொல்ல வைக்கலாம் என்ற எண்ணத்தோடு அழைத்தால் மற்ற எல்லாத் தவறும் அதன் பின்னாலேயே வரும். அவர் எழுதிய புத்தகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி.

இதில் சட்டமும் இருக்கிறது. ஊதியம், வேலை நேரம், ஷிப்ட் முறை போன்ற பணி நிபந்தனைகளை மாற்றுவதானால் பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று தொழிற்சட்டம் சொல்கிறது. ஆட்குறைப்புக்கு வழிவைக்கக்கூடிய இயந்திர மாற்றமும் அந்தப் பட்டியலில் வரும். நோட்டீஸ் ஒட்டாத விஷயத்தைப் பேச்சாளர் மேடையில் உற்சாகமாக அறிவித்துவிட்டால் சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். எது முடிவானது, எது பேச்சுவார்த்தையில் இருக்கிறது, எதைத் தொடவே கூடாது என்று அவருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, புத்தகம் விற்கிறது என்பதால் நன்றாகப் பேசுவார் என்று நம்பிவிடுவது. எழுத்து ஒரு கலை, மேடை இன்னொரு கலை. இரண்டு நிமிட விளம்பர வீடியோவை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம். அதில் சிரிப்பும் கைதட்டலும் மட்டும் வெட்டி ஒட்டியிருக்கும். வெட்டாத நாற்பது நிமிட வீடியோ ஒன்றைக் கேளுங்கள். பார்க்கும்போது நடுப்பகுதியைக் கவனியுங்கள், சரக்கு இருக்கிறதா இல்லையா என்று அங்கேதான் தெரியும். முன்பு அவரை அழைத்த நிறுவனத்துக்கும் ஒரு போன் போடுங்கள். "எப்படிப் பேசினார்?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். "மூன்று மாதம் கழித்து அவர் சொன்னதில் எதையாவது யாராவது செய்தார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். எதிர்முனை யோசிக்கும் நேரத்திலேயே உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

புத்தகத்தில் வரும் வெற்றிக் கதைகளுக்கும் ஆயுள் உண்டு. ஜிம் காலின்ஸ் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற 'குட் டு கிரேட்' நூலில் உயர்ந்த நிறுவனங்களாகப் பதினொன்றைக் காட்டினார். அவற்றில் ஒன்றான சர்க்யூட் சிட்டி 2008இல் திவாலானது. இன்னொன்றான ஃபேனி மே நிறுவனத்தை அதே ஆண்டு அமெரிக்க அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. இதனால் அந்தப் புத்தகம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதல் போன் பேச்சிலேயே எந்த எழுத்தாளரிடமும் நான் ஒன்று கேட்பேன்: "நீங்கள் எழுதிய நிறுவனங்களில் பிறகு சறுக்கியது எது, அதைப் பார்த்து உங்கள் கருத்தில் எதை மாற்றிக்கொண்டீர்கள்?" நேர்மையானவர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். மாற்றத்தைப் பற்றிப் பேச வருபவர் தான் மாறிய இடத்தைச் சொல்ல வேண்டும் அல்லவா?

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது. மாற்றம் பற்றிய மேடைகளில் மூன்று சரக்குகள் திரும்பத் திரும்ப வரும். மூன்றுமே ஆட்டம் காணும்.

முதலாவது கழுகுக் கதை. நாற்பது வயதில் கழுகு மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களையும் இறகுகளையும் பிடுங்கி எறிந்து, ஐந்து மாதம் காத்திருந்து, புதுப்பிறவி எடுத்து இன்னும் முப்பது ஆண்டு வாழுமாம். வாட்ஸ்அப்பில் வராத வீடு இருக்காது. அலகில்லாத பறவை ஐந்து மாதம் எதைத் தின்னும்? பட்டினியில் செத்துப்போகும். அலகும் நகமும் தேயத் தேய வளர்ந்துகொண்டே இருப்பவை, இறகு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து முளைப்பது.

இரண்டாவது தவளை. மெதுவாகச் சூடாகும் தண்ணீரில் தவளை உணராமலே வெந்துபோகும் என்பார்கள். 1869இல் ஜெர்மானிய உடலியல் அறிஞர் ஃபிரெட்ரிக் கோல்ட்ஸ் செய்த சோதனையில் அசையாமல் இருந்தது மூளை நீக்கப்பட்ட தவளை. மூளை இருந்த தவளை சூடு ஏறியதும் தவித்து, வெளியேறப் பார்த்தது. இது தெரிந்த பிறகு, உங்கள் ஊழியர்கள் முன் அந்தக் கதையைச் சொல்ல யாரையும் விடமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, "மாற்ற முயற்சிகளில் 70 சதவீதம் தோற்கின்றன" என்ற எண். ஸ்லைடில் பெரிய எழுத்தில் வரும். 1993இல் மைக்கேல் ஹாமரும் ஜேம்ஸ் சாம்பியும் எழுதிய புத்தகத்தில் 50 முதல் 70 சதவீதம் என்று ஒரு மதிப்பீடு வந்தது. அது அறிவியல் முறைப்படியான கணக்கு அல்ல என்று அவர்களே அங்கே சொல்லியிருந்தார்கள். 2011இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் மார்க் ஹியூஸ், இந்த எண் புழங்கும் இடங்களைத் தேடிப்போய் ஆராய்ந்து, அதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று எழுதினார். முன்பின் தெரியாத எண்ணைக் காட்டிப் பயமுறுத்தினால், பயந்தவர்கள் வேலை தேட ஆரம்பிப்பார்கள்.

ஸ்லைடுகளை ஒரு வாரம் முன்பே வாங்கிப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். இவை மூன்றில் ஏதாவது இருந்தால் மரியாதையாகச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். நான் கேட்டவர்களில் ஒருவர்தான் கோபித்துக்கொண்டார்.

மொழி விஷயத்தில் நாம் ஏன் இவ்வளவு அலட்சியமாக இருக்கிறோம் என்று எனக்குப் புரிவதில்லை. அரங்கில் நானூறு பேர். முதல் மூன்று வரிசையில் இருக்கும் மேனேஜர்கள் ஆங்கிலத்துக்குச் சிரிப்பார்கள், பின்வரிசைகள் அவர்களைப் பார்த்துச் சிரிக்கும். கோவையிலும் திருப்பூரிலும் இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்டில் இருந்து வந்தவர்கள் நிறைய வேலை செய்கிறார்கள். அவர்களுக்குத் தமிழும் போதாது. யார் யார் உட்காரப்போகிறார்கள், எந்த மொழியில் கேட்பார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகே பேச்சாளரைத் தேடுங்கள். ஒரே கூட்டமாக அடைக்காமல் சூபர்வைசர்களுக்கு ஒன்று, லைன் ஆட்களுக்குத் தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று என்று சின்னச் சின்னதாகப் பிரிப்பதால் செலவும் பெரிதாக ஏறாது. ஊழியர்களுக்குப் புத்தகம் கொடுப்பதானால் தமிழ்ப் பதிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் தொழிற்சாலையில் கொடுத்த ஆங்கிலப் புத்தகங்கள் பல ரூமில் கொசுவர்த்தி வைக்கும் பலகையாகப் பயன்பட்டன. கொடுத்தவன் நான் என்பதால் அதைப் பார்க்க மனசு சங்கடப்பட்டது.

நேரமும் அப்படித்தான். இரவு ஷிப்ட் முடித்தவர்களைக் காலை ஏழு மணிக்கு அரங்கில் உட்கார வைத்தால் யார் பேசினாலும் கண் சொக்கத்தான் செய்யும். உட்கார்ந்து கேட்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிகழ்ச்சி நிரலையும் ஒருமுறை பாருங்கள்: இறைவணக்கம், குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர் இரண்டு வார்த்தை, பொன்னாடை, நினைவுப் பரிசு. இதெல்லாம் முடிந்து பேச்சாளர் மைக்கைப் பிடிக்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். பின்னால் பிரியாணி வாசனை வருகிறது. கட்டணம் கொடுத்துக் கூட்டி வந்தவருக்குக் கிடைத்தது இருபது நிமிடம். பொன்னாடையைக் கடைசிக்குத் தள்ளுங்கள், பேச்சை முதலில் வையுங்கள். யாரும் கோபப்பட மாட்டார்கள்.

பேச்சாளருக்குக் கொடுக்கும் குறிப்பு பற்றிச் சொன்னேன். நம் ஆட்கள் பெரும்பாலும் அனுப்புவது கம்பெனி புரோஷர். அதில் விருதுகளும் டர்ன்ஓவரும் இருக்கும், ரணங்கள் இருக்காது. ஒரு நிறுவனத்தில் முந்தைய மாதம்தான் கான்ட்ராக்ட் ஆட்கள் பலரை நிறுத்தியிருந்தார்கள். அது தெரியாத பேச்சாளர் "நீங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தார். அரங்கம் சட்டென்று அமைதியானது. அந்த அமைதியைப் புரிந்துகொள்ளாமல் அவர் அதே வார்த்தையை இன்னும் நான்கு தடவை சொன்னார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை, அவரிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு பக்கம் போதும்: என்ன மாறுகிறது, யாருக்கு என்ன இழப்பு, இதற்கு முன் எந்த முயற்சி ஏன் பாதியில் நின்றது, எந்த வார்த்தை இங்கே காயப்படுத்தும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. அவர் சொல்லும் தொகை கையில் வருவதா, பிடித்தத்துக்கு முந்தியதா என்று முதல் நாளே தெளிவுபடுத்துங்கள். இந்தியாவில் வசிப்பவருக்கான கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். அவர் ஜிஎஸ்டி பதிவு செய்தவரானால் 18 சதவீதம் மேலே வரும். வெளிநாட்டவர் என்றால் வரிக் கணக்கே வேறு, ஆடிட்டரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். கட்டணம் வாங்கிக்கொண்டு பேசுபவரைச் சுற்றுலா விசாவில் வரவழைக்கவும் கூடாது. ரத்தானால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். வீடியோ எடுப்பதானால் அதற்கும் எழுத்தில் சம்மதம் வேண்டும். பொதுவில் ஆற்றிய உரைக்கு முதல் உரிமையாளர் பேசியவர்தான் என்று நம் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது, கூட்டம் ஏற்பாடு செய்தவர் நீங்களாக இருந்தாலும்.

இவ்வளவு தவறையும் பார்த்த பிறகு, ஈரோடு பக்கம் இன்னொரு தொழிற்சாலைக்கு ஒரு எழுத்தாளரை ஏற்பாடு செய்தேன். அங்கேயும் டேப்லெட்தான். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: முந்தைய நாளே வந்து இரண்டு மணி நேரம் ஷாப் ஃப்ளோரில் இருக்க வேண்டும். சம்மதித்தார். லேத்தில் நின்ற ஒரு அண்ணன் கையுறையைக் கழற்றாமலே டேப்லெட்டைத் தட்டிக் காட்டினார். திரை அசையவில்லை. கழற்றிவிட்டுத் தட்டினார். விரலில் கூலன்ட் பிசுபிசுப்பு, தப்பான பட்டன் அழுந்தியது. "ஒரு ஷிப்டுக்கு நாப்பது தடவை இதைச் செய்யணும் சார். ஜாப் கார்டுன்னா பென்சிலால ஒரு கோடு, அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் எழுத்தாளர் அந்த அண்ணனின் சம்மதத்தோடு அவர் பெயரைச் சொல்லியே பேச்சைத் தொடங்கினார். எம்.டி. முதல் வரிசையில், நாங்கள் கேட்டுக்கொண்டபடி கடைசி வரை உட்கார்ந்திருந்தார். உரை முப்பது நிமிடம், பிறகு முக்கால் மணி நேரம் கேள்விகள், பதில் சொன்னது பெரும்பாலும் எம்.டி. இயந்திரத்துக்கு ஒரு ஸ்கேனர், அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் என்றார். தேதி சொல்ல முடியாத இரண்டு கேள்விகளைத் தன் டைரியில் குறித்துக்கொண்டு, அவற்றுக்குப் பதில் எப்போது வரும் என்று மட்டும் சொன்னார். பத்தாம் தேதி ஸ்கேனர் வரவில்லை, பதினான்காம் தேதி வந்தது. தாமதமாகும் என்று ஒன்பதாம் தேதியே நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டிருந்தார்கள்.