தொண்டர் படையில் சேர நினைக்கும் பிள்ளை கையொப்பமிடும் முன் செய்யவேண்டியவை

இலங்கை இராணுவத் தொண்டர் படையில் சேரலாமா என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று பதினேழு வயதில் கேட்டால், ஒரு வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அதட்டுகிறார்கள். இன்னொரு வீட்டில், மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டென்றால் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவசரப்படுத்துகிறார்கள். இரண்டு மறுமொழிகளாலும் அந்தப் பிள்ளைக்குப் பயனில்லை. படைச் சேவை விரும்பியபோது ஏற்று விரும்பியபோது விட்டுவிடக்கூடிய வேலையன்று. ஆகையால், எதற்குக் கையொப்பமிடுகிறோம் என்பதை முழுமையாக அறிந்த பின்னரே சேருவதா விலகி நிற்பதா என்று முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தொண்டர் படை என்றால் என்ன என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். அதன் வரலாறு பிரித்தானியர் காலத்தில், 1881இல் அமைக்கப்பட்ட தொண்டர் காலாட்படையிலிருந்து தொடங்குகிறது. சுதந்திரத்தின் பின் வந்த 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டம், நிரந்தரப் படை, தொண்டர் படை, இவ்விரண்டுக்குமான சேமப் படைகள் என இராணுவத்தை வகுத்தது. வேறு தொழில் செய்துகொண்டே குறித்த நாட்களில் பயிற்சி பெற்று, நாடு அழைக்கும்போது மட்டும் சீருடை அணிவோர் என்பதே தொண்டர் படை பற்றிய பழைய எண்ணம். ஆனால் போர்க் காலத்தில் அதன் படைப்பிரிவுகள் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டு, நிரந்தரப் படையினரோடு சேர்ந்து அதே கடமைகளைச் செய்தன. எனவே பெயரை மட்டும் வைத்து, இது வார இறுதியில் போய்வரும் வேலை என்று எண்ணிவிடாதீர்கள்.

இந்தத் தவறான எண்ணம் பெரும்பாலும் வெளிநாட்டு உறவினர் வழியாகவே வருகிறது. இலண்டனில் இருக்கும் மச்சான் ஒருவர் பிரித்தானிய இராணுவத்தின் சேமப் படையில் ஆண்டுக்கு 27 நாட்கள் அளவில் பயிற்சிக்குப் போய்வருவதையும், கனடாவில் இருக்கும் இன்னொருவர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே வாரத்தில் ஒரு மாலையும் மாதத்தில் ஒரு வார இறுதியும் போவதையும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவை அந்தந்த நாட்டுச் சட்டங்களின் கீழ் நடப்பவை. அங்குள்ள கால அளவையும் சலுகைகளையும் இங்குள்ள படைக்குப் பொருத்திப் பார்த்து எந்தத் திட்டமும் போட வேண்டாம்.

வயதைப் பற்றிய விதி தெளிவானது. ஆயுதப் பிணக்குகளில் சிறுவர் ஈடுபடுத்தப்படுவதற்கு எதிரான ஐக்கிய நாடுகளின் விருப்பத்துக்குரிய நெறிமுறையை இலங்கை 2000ஆம் ஆண்டிலேயே ஏற்று, 18 வயது நிறைந்தவர்களை மட்டுமே, அதுவும் அவர்களின் சுயவிருப்பின் பேரிலேயே, படையில் சேர்ப்பதாக அறிவித்திருக்கிறது. ஆயுதப் பிணக்கில் ஈடுபடுத்துவதற்காகச் சிறுவர்களைச் சேர்ப்பது 2006ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி குற்றமாகும். பதினெட்டு வயதுக்கு முன்னரே பிள்ளைகளின் கையில் துவக்குக் கொடுக்கப்பட்டதைக் கண்ட மண் இது. ஆகையால் இந்த எல்லையில் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இன்னும் 18 ஆகாதவர், பாடசாலையில் இருந்தால், கடேற் எனப்படும் மாணவர் படையணியில் சேர்ந்து பார்க்கலாம். அணிநடை, முகாம் வாழ்க்கை, கட்டளைக்குக் கீழ்ப்படிதல் ஆகியவை தமக்கு ஒத்துவருகின்றனவா என்பது ரன்டம்பேயில் உள்ள தேசிய மாணவர் படையணிப் பயிற்சி நிலையத்தில் ஒரு முகாமுக்குப் போய்வந்தாலே ஓரளவு தெரிந்துவிடும். பிற்பாடு படையில் சேர வேண்டும் என்ற கடப்பாடும் அதனால் ஏற்படுவதில்லை.

உயர்தரப் பரீட்சையை எழுதாமல் போகாதீர்கள். ஆட்சேர்ப்பு வயது பதினெட்டோடு முடிந்துவிடுவதில்லை. அதன் பின்னும் சில ஆண்டுகள் இடமிருக்கும். மேலும், இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்த இராணுவ ஆளணியை 2030ஆம் ஆண்டளவில் ஒரு இலட்சமாகக் குறைக்கப்போவதாக அரசாங்கம் 2023 ஜனவரியில் அறிவித்தது. சுருங்கிவரும் ஒரு நிறுவனத்தில் பதவி உயர்வு எப்படி இருக்கும், கல்வித் தகைமை எவ்வளவு பெறுமதியாகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, கையொப்பமிடப்போகும் கடதாசி. அண்மையில் ஒரு மாணவர், தெரிந்தவர் ஒருவர் கொடுத்த படிவத்தின் நிழற்பிரதியைப் பௌதிகவியல் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்து எடுத்துக் காட்டினார். முழுவதும் சிங்களம். கடைசிப் பக்கத்தில், கையொப்பம் வரவேண்டிய இடத்தில், யாரோ பென்சிலால் சிறிய புள்ளடி ஒன்று இட்டிருந்தார்கள். புள்ளடி எங்கே இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேலே இருந்த பந்திகள் என்ன சொல்கின்றன என்பது தெரிந்திருக்கவில்லை. அந்தப் பிள்ளையும் நானும், சிங்களம் நன்கு அறிந்த ஒருவரோடு இருந்து அதனை வரிவரியாக வாசித்தபோதுதான், தாம் கேட்க வேண்டிய கேள்விகளே அந்தப் பிள்ளைக்குப் பிடிபட்டன.

சேவைக் காலம் எத்தனை ஆண்டுகள், அது எந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது, முழுநேரச் சேவைக்கு அழைக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு, எந்த மாவட்டத்துக்கும் இடமாற்றலாமா, சேவைக் காலத்தில் பல்கலைக்கழகம் கிடைத்தால் விடுவிப்பார்களா, காயமடைந்தால் என்ன நட்டஈடு, ஓய்வூதியத்துக்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்பவற்றைக் கேளுங்கள். வாய்மொழியாகக் கிடைக்கும் மறுமொழியை நம்பி நிற்க வேண்டாம். தமிழ் அரசகரும மொழி என்பது 1987இன் 13ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே தமிழ்ப் படிவம் கேட்பது சலுகை கேட்பதாகாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் தமிழில் கோரிக்கை அனுப்பலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பதினேழு வயதில் ஒரு பிள்ளை தந்தையின் பெயரில் இப்படிக் கடிதம் எழுதிப் பழகுவதை நான் மிகவும் விரும்புகிறேன்.

விலகுவதைப் பற்றிய கேள்வியைத் தனியாகக் கேளுங்கள். கடையிலோ கம்பனியிலோ பிடிக்காவிட்டால் நாளைக்கு வரமாட்டேன் என்று சொல்லலாம். படையில் அனுமதியின்றிக் கடமைக்கு வராமல் நிற்பதும் தப்பியோடுவதும் இராணுவச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றங்கள். தப்பிச் சென்றவர்களுக்கு அரசு அவ்வப்போது பொதுமன்னிப்புக் காலம் அறிவித்து வந்திருக்கிறது. அந்த அறிவித்தல்கள் திரும்பத் திரும்ப வருவதே, யோசிக்காமல் சேர்ந்து பின்னர் முறைப்படி வெளியேற வழி தெரியாமல் நின்றவர்கள் எத்தனை பேர் என்பதை உணர்த்தப் போதும்.

இனி வீடு. யாழ்ப்பாணத்தில் இதுவே மிகவும் கடினமான பகுதி. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் படம் சுவரில் தொங்கும் வீடுகள் இங்கே எல்லா ஊரிலும் உண்டு. அப்படிக் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017ஆம் ஆண்டிலிருந்து வடக்கின் தெருவோரங்களில் தொடர்ந்து போராடி வருகிறார்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் காணிகளில் ஒரு பகுதி இன்னும் படையினரிடமே இருக்கிறது. நீங்கள் அணிய நினைக்கும் சீருடையை உங்கள் அம்மம்மா எந்த நினைவோடு பார்ப்பார் என்பதை நீங்கள் ஊகிக்கக் கூடாது; அவரிடமே கேட்க வேண்டும். கையொப்பமிட்ட பின் தொலைபேசியில் சொல்வது கொடுமை. தாயோடு ஒரு நாளும், தந்தையோடு ஒரு நாளும், மூத்தவர்களோடு இன்னொரு நாளும் தனித்தனியாக இருந்து கதையுங்கள். எல்லோரையும் ஒன்றாக இருத்தினால் ஒருவருடைய கோபம் மற்றவர்களுடைய வாயை அடைத்துவிடும்.

அப்போது உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. உங்கள் உறவினர் காணிக்காகவோ பிள்ளைக்காகவோ போராடும் இடத்தில் உங்களைக் காவலுக்கு நிறுத்தினால் என்ன செய்வீர்கள்? அன்று மறுக்கும் உரிமை உங்களிடம் இருக்காது. அதற்கான மறுமொழி உங்கள் மனதில் உறுதியாக இல்லாவிட்டால் காத்திருங்கள். அதேவேளை, எல்லாவற்றையும் நேர்மையாக யோசித்துச் சேர முடிவெடுக்கும் ஒரு பிள்ளையைத் துரோகி என்று அழைக்கும் உரிமை ஊரில் எவருக்கும் இல்லை என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். அந்தச் சொல் இந்த மண்ணில் உயிர்களைக் குடித்திருக்கிறது.

உடல் தயாரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: நாள்தோறும் ஓடுங்கள், பார்வையையும் பல்லையும் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள், பழைய முறிவையோ இழுப்பையோ மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பேச்சுச் சிங்களத்தை மட்டும் மெனக்கெட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். முகாமில் கட்டளையும் சாப்பாட்டு வரிசைப் பேச்சும் அந்த மொழியிலேயே நடக்கும். அது விளங்காதவர் முதல் மாதத்திலேயே தனிமைப்பட்டுப்போவார்.

ஆட்சேர்ப்புக்காக எவருக்கும் பணம் கொடுக்காதீர்கள். வெளிநாட்டுப் படையில் துணை வேலை, சமையல் வேலை, பெரிய சம்பளம், பிறகு குடியுரிமை என்று ஆசைகாட்டும் தரகரோடு பேச்சே வேண்டாம். அப்படி அழைத்துச் செல்லப்பட்ட இலங்கையர் ரஷ்ய, உக்ரைன் போர்முனைகளில் நிறுத்தப்பட்டு, பலர் உயிரிழந்தது 2024இல் நாடு முழுவதும் தெரியவந்தது. ஐரோப்பாவுக்கென்று புறப்பட்ட யாழ்ப்பாணத்து இளைஞர்களும் அந்தப் போருக்குள் தள்ளப்பட்டதாகக் குடும்பங்கள் முறையிட்டன.

உங்களை ஈர்ப்பது துவக்கா, ஒழுங்கான வாழ்க்கையா, பிறருக்கு உதவும் ஆசையா, கையில் ஒரு தொழிலா என்பதையும் பிரித்துப் பாருங்கள். உதவும் ஆசைதான் என்றால் 2018 முதல் வடக்கிலும் ஓடும், 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அவசர அம்புலன்ஸ் சேவை இருக்கிறது. தொழில்தான் என்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கும் ஒருமுறை நேரில் போய் விசாரித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

எல்லாம் பார்த்த பின்னும் சேருவதே முடிவென்றால், நேர்முகத்துக்குப் போகும் நாளில் நம்பிக்கையான பெரியவர் ஒருவரைக் கூட்டிச்செல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு, விதானையாரின் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை வீட்டில் ஒரு கோவையில் வைத்துவிட்டுப் போங்கள். மூலப் பத்திரத்தை ஒப்படைக்கச் சொன்னால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். நிரப்பிய படிவத்தின் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். உங்கள் கேள்விகளில் ஒன்றுக்கேனும் எழுத்தில் மறுமொழி கிடைக்கவில்லையென்றால் அன்று கையொப்பமிடாமல் திரும்பி வாருங்கள். அடுத்த ஆட்சேர்ப்பு அறிவித்தல் வரும்போது அதே கேள்விகளோடு மீண்டும் போகலாம்.