பூவன்பழம், ரவை, நூறு ஈ: முதுமையை வீட்டிலேயே அளப்பது எப்படி?

பழத்தட்டை மூட மறந்தால் மறுநாளே வந்து மொய்க்குமே, சிவப்புக் கண்ணோடு கடுகளவு ஈ, அதற்கு ஆய்வகங்களில் பெரிய மரியாதை உண்டு. பெயர் டிரோசோபிலா. 1910இல் நியூயார்க்கில் தாமஸ் ஹண்ட் மார்கன் ஒரு வெள்ளைக்கண் ஈயைக் கண்டுபிடித்ததிலிருந்து மரபியலுக்கு இதுதான் உழைக்கிறது. மூளை ஆய்வுக்கும் அப்படியே. வளர்ந்த ஈயின் மூளையில் சுமார் 1,39,000 நரம்பு செல்கள். அவற்றுக்கிடையே 5 கோடிக்கும் மேல் இணைப்புகள். அத்தனையையும் வரைபடமாக்கி 2024இல் வெளியிட்டுவிட்டார்கள். மனிதருக்கு நோய் தரும் மரபணுக்களில் முக்கால்வாசிக்கு இந்த ஈயிடம் இணையான மரபணு இருக்கிறது.

இதெல்லாம் பெரிய கூடங்களின் வேலை. நாம் செய்யப்போவது ஒன்றே ஒன்றுதான்: நூறு ஈக்களை ஒரே வயதில் வளர்த்து, வாரம் ஒருமுறை அவற்றின் ஏறும் வேகத்தை அளப்பது. முதுமை எங்கே தொடங்குகிறது என்று நம் நோட்டிலேயே தெரியும். பள்ளி அறிவியல் மன்றத்துக்கும் கல்லூரி முதலாண்டுக்கும் பொருத்தமான வேலை. செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும்.

முதலில் காலம் பாருங்கள்

காவிரிப் படுகையில் இதை எப்போது தொடங்குவது என்பது முக்கியமான கேள்வி. ஈக்கு உகந்த வெப்பம் 25 டிகிரி. அந்த வெப்பத்தில் முட்டையிலிருந்து ஈ வெளிவரப் பத்து நாள் ஆகும். வெளிவந்த ஈ ஏறத்தாழ இரண்டு மாதம் வாழும். வெப்பம் கூடினால் வளர்ச்சியும் வேகமாகும், சாவும் சீக்கிரம் வரும். இதை 1917இலேயே ஜாக் லோப், ஜான் நார்த்ராப் இருவரும் இதே ஈயை வைத்து அளந்தார்கள்: 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ சுருங்குகிறது. 30 டிகிரியைத் தாண்டியதும் ஆண் ஈக்கள் மலடாகவும் தொடங்கும்.

ஆகவே சித்திரை, வைகாசியில் தொடங்காதீர்கள். கார்த்திகைக் கடைசியில் தொடங்கினால் மார்கழி, தை இரண்டும் கை கொடுக்கும். ஐப்பசி அடைமழையில் வெப்பம் பரவாயில்லை, ஆனால் உணவில் பூஞ்சை பிடித்து மானத்தை வாங்கும். எந்த மாதமானாலும் ஈ பாட்டில்களின் பக்கத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, காலை மாலை இரண்டு வேளையும் எழுதி வையுங்கள். இந்தக் கணக்கு இல்லாத ஆயுள் கணக்கு செல்லாக்காசு.

தேவையானவை

வாயகன்ற கண்ணாடிப் பாட்டில் பத்துப் பன்னிரண்டு (சின்ன ஊறுகாய் பாட்டில் போதும், கொதிநீரில் கழுவி நன்றாகக் காயவையுங்கள்), அடைப்பதற்குப் பஞ்சு, மெல்லிய வேட்டித் துணி, கைலென்ஸ், மெல்லிய வாட்டர்கலர் பிரஷ், பள்ளி ஆய்வகத்திலிருந்து 15 செ.மீ. நீளமுள்ள பெரிய சோதனைக் குழாய் இரண்டு, செல்போன், நோட்டு. பாட்டில்களை வைக்கத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளம் ஒன்று. நம் ஊரில் தண்ணீர் காவல் இல்லாமல் எதை வைத்தாலும் எறும்பு வந்துவிடும். ஒரே ராத்திரியில் மொத்தப் புழுவையும் காலிசெய்துவிடும்.

உணவு காய்ச்சுதல்

வெளிநாட்டு ஆய்வகங்கள் சோளமாவில் காய்ச்சுவார்கள். நம் நாட்டில் ரவையும் வெல்லமும் போட்டுக் காய்ச்சும் வழக்கம் உண்டு. பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் பரிணாம ஆய்வு செய்பவர்கள் வாழைப்பழமும் வெல்லமும் சேர்த்தே காய்ச்சுகிறார்கள். நமக்கு ரவைதான் சுலபம்.

அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு 50 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுங்கள். வெல்லத்து மண் ஈக்குக் கெடுதலில்லை, ஆனால் பாட்டிலில் எது முட்டை, எது மண் என்று தெரியாமல் போகும். அதில் 5 கிராம் கடல்பாசியை (அகர் அகர்) போட்டு முழுதாகக் கரையவிடுங்கள். 50 கிராம் ரவையைத் தூவிக் கட்டிதட்டாமல் கிண்டுங்கள். கேசரிப் பக்குவத்துக்கு விடவேண்டாம், கரண்டியிலிருந்து தளர்வாக ஒழுகவேண்டும். பேக்கரிக் கடையில் கிடைக்கும் உலர் ஈஸ்ட் 8 கிராம் சேர்த்து இரண்டு நிமிடம் கொதித்ததும் இறக்குங்கள்.

பூஞ்சை பிடிக்காமலிருக்க ஆய்வகத்தில் புரோப்பியானிக் அமிலம் ஊற்றுவார்கள். அதை வீட்டில் கையாள வேண்டாம். வினிகர் இரண்டு தேக்கரண்டி போதும். ஆனால் கொதிக்கும்போது ஊற்றாதீர்கள். சூட்டில் அமிலம் பட்டால் கடல்பாசி இறுகாது. கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போது கலந்து, ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு விரற்கடை உயரம் ஊற்றுங்கள்.

ஊற்றியதும் பஞ்சு வைத்து மூடிவிடக் கூடாது. உள்ளே ஆவி வேர்த்து வழியும், அதில் ஈ ஒட்டிச் சாகும். வேட்டித் துணியைப் போர்த்தி ஒரு ராத்திரி ஆறவிட்டு, மறுநாள் மேலே நாலைந்து ஈஸ்ட் மணிகளைத் தூவிய பிறகு அடையுங்கள். மிச்சப் பாட்டில்களை ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். பயன்படுத்துவதற்கு முன் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து ஈரம் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஈ பிடித்தல்

திருவையாறு, கும்பகோணம், பாபநாசம் பக்கம் பூவன் தார் தொங்காத பெட்டிக்கடையே கிடையாது. ஒரு பாட்டிலில் கனிந்த பூவன்பழத் துண்டும் சிட்டிகை ஈஸ்ட்டும் போட்டு, வாயில் காகிதக் கூம்பு செருகி, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஓரமாக வையுங்கள். மாலைக்குள் ஈ விழுந்திருக்கும். மாம்பழத்தையும் புடலங்காயையும் குத்தி முட்டையிட்டு விவசாயியை அழவைக்கும் பழ ஈ வேறு ஜாதி; அது வீட்டு ஈ அளவு இருக்கும். நமக்கு வேண்டியது 2 முதல் 3 மி.மீ. நீளமுள்ளது.

விழுந்ததெல்லாம் ஒரே இனமாக இருக்காது. முதுகில் தலையிலிருந்து வெள்ளி நிறக் கோடுகள் ஓடினால் அது சேப்ரியோனஸ், விட்டுவிடுங்கள். கூன் முதுகோடு பறக்காமல் குடுகுடுவென ஓடுவதும் வேண்டாம். மற்றவை கைலென்ஸுக்கு ஒன்றுபோலவே தெரியும். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. வெளியில் பிடிபடும் பெண் ஈ அநேகமாக இனச்சேர்க்கை முடித்ததாகவே இருக்கும். ஆணின் விந்தைத் தன் உடலுக்குள் சேமித்துவைத்து நாள்கணக்கில் முட்டையிடும். ஆகவே ஒரு பாட்டிலுக்கு ஒரே ஒரு பெண் ஈயை மட்டும் விடுங்கள். அதிலிருந்து வருவது முழுக்க ஒரே இனம், ஒரே குடும்பம்.

பெண் பெரியது, வயிறு கூராக முடியும். ஆண் சிறியது, வயிற்று முனை மழுங்கலாக இருக்கும். மெலனோகாஸ்டர் இனமானால் ஆணின் வால்பகுதி மை தொட்டதுபோல் கறுத்திருக்கும். நம் பக்கம் சாதாரணமாகக் கிடைக்கும் அனனாசே இனத்தில் அந்தக் கறுப்பு இருக்காது. எது கிடைத்தாலும் இந்தச் சோதனைக்கு ஆகும், இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

ஒரே வயதுக் கூட்டம்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். சோதனை கெட்டுப்போவதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான்: பாட்டிலில் அம்மாவும் மகளும் பேத்தியும் ஒன்றாகப் பறந்தால் எது எத்தனை நாள் வாழ்ந்தது என்று யாருக்குத் தெரியும்?

முதல் தலைமுறை ஈக்கள் நாற்பது, ஐம்பது சேர்ந்ததும், இருபதை ஒரு புதுப் பாட்டிலுக்கு மாற்றுங்கள். மாற்றுவது எளிது. பழைய பாட்டிலை மேஜையில் லேசாகத் தட்டினால் ஈக்கள் கீழே விழும். பஞ்சை எடுத்துவிட்டு, புதுப் பாட்டிலைத் தலைகீழாக வாயோடு வாய் வையுங்கள். கீழ்ப் பாட்டிலைத் துணியால் மூடிவிட்டால் வெளிச்சத்தைத் தேடி மேலே ஏறிவிடும். ஏறியதும் மேலே போன பாட்டிலைத் தட்டி மூடவேண்டியதுதான்.

ஒரு நாள் முட்டையிட விட்டு, மறுநாள் அந்த இருபதையும் எடுத்துவிடுங்கள். உணவின் மேல் அரை மி.மீ. நீளத்தில் வெள்ளையாக முட்டைகள் குத்திட்டு நிற்கும். லென்ஸில் பார்த்தால் முனையில் இரண்டு இழைகள் தெரியும். அந்த இழைகள் முட்டை மூச்சுவிட. அடுத்த நாள் புழு. நாலைந்து நாளில் புழு சுவரேறிக் கூட்டுப்புழுவாகும். முதலில் வெள்ளை, பிறகு பழுப்பு. ஈ வெளிவருவதற்கு முந்தைய நாள் கூட்டின் வழியே சிவப்புக் கண்ணும் கறுத்த இறக்கையும் தெரியும். வெளிவந்த ஈ வெளிறியிருக்கும், இறக்கை சுருண்டிருக்கும், வயிற்றில் ஒரு கரும்பச்சைப் புள்ளி இருக்கும். இதுதான் புத்தம்புது ஈ என்பதற்கு அடையாளம்.

ஈ வெளிவரத் தொடங்கிய அன்று வந்ததையும் மறுநாள் வந்ததையும் மட்டும் சேர்த்துப் புதுப் பாட்டிலில் விட்டுத் தேதி எழுதுங்கள். அதற்குப் பின்னால் வருபவை இந்தக் கணக்கில் சேராது. இரண்டு நாள் ஒன்றாக இருக்கட்டும். பிறகு பாட்டிலைப் பனிக்கட்டியில் புதைத்தால் சில நிமிடங்களில் மயங்கும்; ஈரமில்லாத குளிர்ந்த தட்டில் கொட்டி, பிரஷால் ஆண் பெண் பிரியுங்கள். பத்து நிமிடத்துக்குமேல் குளிரில் வைக்காதீர்கள். மயக்குவதற்கென்று ஈதரெல்லாம் வீட்டுப் பக்கமே வரக்கூடாது, பற்றிக்கொள்ளும் சரக்கு. பாட்டிலுக்கு இருபது வீதம் ஐந்து பாட்டில். பெண் மட்டும், அல்லது ஆண் மட்டும். இரண்டுக்கும் ஆயுள் ஒன்றாக இருக்காது. மயங்கிய ஈ உணவில் ஒட்டாமலிருக்க, எழும்வரை பாட்டிலைப் படுக்கவைத்து விடுங்கள்.

இதன் பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டாயம் புதுப் பாட்டில். மாற்றும் ஒவ்வொரு முறையும் செத்ததை எண்ணி எழுதுங்கள். பறந்து ஓடிவிட்ட ஈயைச் செத்த கணக்கில் சேர்க்காதீர்கள், "தப்பியது" என்று தனிப் பத்தி போடுங்கள்.

ஏறும் சோதனை

ஈயைத் தட்டி விழவைத்தால் உடனே மேல்நோக்கி ஏறும். புவியீர்ப்புக்கு எதிரான இந்த ஓட்டம் அதன் பிறவிக்குணம். நரம்பும் தசையும் சேர்ந்து செய்யும் வேலை. 2000இல் மெல் ஃபீனியும் வெல்கம் பெண்டரும் பார்க்கின்சன் நோயோடு தொடர்புள்ள ஆல்ஃபா சைனூக்ளின் என்ற மனிதப் புரதத்தை ஈயின் மூளையில் உண்டாக்கிப் பார்த்தார்கள். டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு செல்கள் அழிந்தன, ஏறும் திறன் மற்ற ஈக்களைவிடச் சீக்கிரம் குறைந்தது. கணக்கிட்ட முறை இப்போது நாம் செய்யப்போவதன் அண்ணன் தம்பிதான்.

சோதனைக் குழாயில் அடியிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் கோடு போடுங்கள். பத்து ஈக்களை, மயக்காமல், பாட்டிலிலிருந்து நேரே தட்டி இறக்குங்கள். குளிரில் மயங்கிய ஈயை ஒரு நாளாவது விட்டுத்தான் சோதிக்க வேண்டும். ஐந்து நிமிடம் பழகட்டும். செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, மடித்த துண்டின் மேல் குழாயை மூன்று முறை தட்டுங்கள். சரியாகப் பத்தாவது விநாடியில் கோட்டைத் தாண்டியவை எத்தனை என்று வீடியோவை நிறுத்தி எண்ணுங்கள். ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி. ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். கண்ணால் எண்ணினேன் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

எல்லா வாரமும் ஒரே நேரத்தில் செய்யவேண்டும், காலை எட்டு ஒன்பது மணி நல்லது. ஈ காலையிலும் மாலையிலும்தான் சுறுசுறுப்பு. மதியம் தூங்கும், வெயில் கூடினால் இன்னும் அதிகம் தூங்கும். உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் 1971இல் அந்தக் கடிகாரம் கெட்ட ஈக்களைக் கண்டுபிடித்தார்கள். அது எப்படி ஓடுகிறது என்று விளக்கிய மூவருக்கு 2017இல் நோபல் கிடைத்தது. அதே பென்சரோடு சேர்ந்து, சூடேறினால் முடங்கிப்போகும் ஈக்களை ஆராய்ந்த ஒபைத் சித்திக்கிதான் இந்தியாவில் ஈயின் நரம்பியலுக்கு வித்திட்டவர். மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் அவரும் வெரோனிகா ரோட்ரிக்ஸும் ஈயின் சுவையையும் மோப்பத்தையும் பிரித்துப் பார்த்தார்கள்.

முதல் வாரத்து ஈக்களில் பெரும்பாலானவை கோட்டைத் தாண்டிப் போய்விடும். நாளாக ஆக, ஏறத் தொடங்கவே தயங்கும், பாதியில் நின்று சுற்றும், வழுக்கி விழும். சாவு கணக்கு இன்னும் ஏறாத நாட்களிலேயே ஏறும் கணக்கு இறங்கத் தொடங்கியிருக்கும். இரண்டு கோட்டையும் ஒரே வரைபடத்தாளில் போடுங்கள். ஆயுளும் ஆரோக்கியமும் தனித்தனிக் கணக்கு என்பது தாளில் தெரியும்.

அடுத்து ஒன்றை மாற்றிப் பார்க்க

ஒரு சுற்று முடிந்த பிறகே இதைச் செய்யுங்கள். ஐந்து பாட்டிலுக்கு வழக்கமான உணவு, ஐந்துக்கு ஈஸ்ட்டை மட்டும் பாதியாகக் குறைத்த உணவு. வெல்லம், ரவை, கடல்பாசி எதையும் தொடாதீர்கள். புரதம் குறைந்தால் ஈ குறைவாக முட்டையிடும், அதிக நாள் வாழும் என்பது ஆய்வகங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தது. அளவு மீறிக் குறைத்தால் பட்டினியில் சீக்கிரமே செத்துவிடும், ஆகவே பாதியோடு நிறுத்துங்கள். மரபணுவிலும் இதே கதை உண்டு: பென்சரின் குழு 1998இல் ஒரே ஒரு மரபணு கெட்டதால் மூன்றில் ஒரு பங்கு அதிகம் வாழ்ந்த ஈயைக் காட்டி, அந்த மரபணுவுக்கு விவிலியத்து நெடுவாழ்வுக் கிழவர் மெத்தூசலாவின் பெயரை வைத்தது.

அப்படிப்பட்ட திரிபு ஈக்கள் வேண்டுமென்றால் மைசூர் பல்கலைக்கழகத்தில் டிரோசோபிலா இருப்பு மையம் இருக்கிறது. கல்லூரி விலங்கியல் துறை வழியாக எழுதிக் கேளுங்கள். அந்த ஈக்களைச் சன்னல் வழியே வெளியே விட்டுவிடக் கூடாது. நம் ஊர் ஈயானாலும் வேலை முடிந்த பாட்டிலை அப்படியே குப்பையில் போடாமல், ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்த பிறகு கழுவுங்கள். ஒரு மாதத்துக்குமேல் எந்தப் பாட்டிலையும் வைத்திருக்காதீர்கள், உண்ணி சேரும். ஒன்றில் சேர்ந்தால் தாம்பாளம் முழுக்கப் பரவும்.