வீட்டுச் செப்டிக் டேங்க்: இடம் பார்ப்பது முதல் கசடு எடுப்பது வரை

புதைசாக்கடை இணைப்பு இல்லாத இடத்தில் வீடு கட்டுகிறவர்கள், செப்டிக் டேங்கைப் பற்றிப் பெரும்பாலும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். கார் நிறுத்தும் இடத்துக்கு அடியிலோ மாடிப்படிக்குக் கீழோ மிஞ்சிய மூலையில் ஒரு குழி தோண்டி, கட்டி, மேலே தளம் போட்டு, அதன்மேல் டைல்ஸும் பதித்துவிடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கழிப்பறையில் தண்ணீர் இறங்காமல் நிற்கும்போது, மூடி எங்கே இருக்கிறது என்பதே வீட்டாருக்குத் தெரிவதில்லை. தொட்டியைக் கட்டும் நாளிலேயே அதைத் திறக்கப் போகும் நாளை மனத்தில் வைத்துக் கட்ட வேண்டும் என்பதுதான் இந்த விளக்கத்தின் அடிப்படை. கீழே உள்ள அளவுகள் பெரும்பாலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 2470 என்ற நெறிமுறையை ஒட்டியவை.

முதலில், தொட்டி என்ன செய்கிறது?

கழிப்பறையிலிருந்து வரும் கழிவு தொட்டிக்குள் அசையாமல் தங்கும்போது கனமானது அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெய்ப் பசையும் இலேசான பொருள்களும் மேலே ஏடாக மிதக்கின்றன. நடுவில் இருக்கும் கலங்கல் நீர் மறுபக்கக் குழாய் வழியாக வெளியேறுகிறது. காற்றில்லாத சூழலில் வாழும் நுண்ணுயிரிகள் கசட்டில் ஒரு பகுதியைச் செரித்து வாயுவாக்குகின்றன, ஆனால் எல்லாவற்றையும் அல்ல. வெளியேறும் நீரும் நோய்க்கிருமிகள் நிறைந்ததுதான். அதை மண்ணுக்குள் மெல்லக் கசியவிட்டு வடிகட்டும் வேலையை உறிஞ்சுகுழி செய்கிறது. ஆகவே செப்டிக் டேங்க் என்பது நீர் கசியாத ஒரு தொட்டியும் நீரைக் கசியவிடும் ஒரு குழியும் சேர்ந்த ஏற்பாடு.

நம் ஊர்களில் சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடிப்பகுதியைத் திறந்தபடி விட்டு, அதையே செப்டிக் டேங்க் என்று சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது தொட்டியே அல்ல. கழிவு நேரடியாக நிலத்தடிக்குள் இறங்குகிற குழி. அப்படிப்பட்ட குழி ஏற்கெனவே இருக்கும் வீட்டில், அதற்கு முன்னால் முறையான ஒரு தொட்டியைக் கட்டிவிட்டு, கசடு எடுத்துச் சுத்தம் செய்த பழைய உறைக் குழியை உறிஞ்சுகுழியாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். கிணற்றிலிருந்து போதிய தொலைவில் அது இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

படி 1: இடம் தேர்தல்

உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி, தள்ளியிருக்க வேண்டும் என்கிறது நெறிமுறை. குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டர். அரை கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்ளுங்கள். 30 அடிக்கு 40 அடி உள்ள அந்த மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கான தொலைவே 50 அடிதான். ஈசானிய மூலையில் போர் போட்டு வாயு மூலையில் தொட்டி வைத்தால் இடைவெளி இன்னும் குறைகிறது. மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு போர் எங்கே இருக்கிறது என்பதையோ யாரும் பார்ப்பதில்லை. வாஸ்து பார்ப்பது அவரவர் விருப்பம், ஆனால் அளவு நாடாவை எடுத்துப் பக்கத்து வீட்டுக் கிணறு வரை அளந்துவிட்டுப் பிறகு பார்க்கலாம்.

சிறிய மனையில் இந்தத் தொலைவு கிடைக்கவே கிடைக்காது என்றால், தெருவில் புதைசாக்கடை வந்திருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். வந்திருந்தால் இணைப்பு வாங்குவதே சரி. வரவில்லை என்றால், உறிஞ்சுகுழியை ஆழமாக்காமல் மேலோட்டமாக வைத்து, ஆழ்துளைக் கிணற்றின் கேசிங் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமெண்டால் அடைத்து, அந்த நீரைச் சோதித்துப் பார்க்காமலும் கொதிக்கவைக்காமலும் குடிக்காமல் இருப்பது குறைந்தபட்ச எச்சரிக்கை.

அடுத்து, கசடு எடுக்கும் லாரி நிற்கக்கூடிய தெருப்பக்கத்திலிருந்து அதன் குழாய் எளிதாக எட்டும் இடத்தில் தொட்டி அமைய வேண்டும். வீட்டின் பின்புறம் கட்டினால் குழாயைக் கூடத்தின் வழியாக இழுத்துச் செல்ல நேரிடும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது எவ்வளவு தொல்லை என்பது பட்டவர்களுக்குத் தெரியும். வேம்பு, அரசு போன்ற மரங்களுக்கு அருகில் வைத்தால் வேர் சுவரைப் பிளந்துவிடும்.

படி 2: மண்ணைச் சோதித்தல்

இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை, ஆனாலும் ஏறத்தாழ எல்லாரும் இதை விட்டுவிடுகிறார்கள். உறிஞ்சுகுழி வரவிருக்கும் இடத்தில், அதன் ஆழத்துக்கு, 4 அங்குல அகலமுள்ள ஒரு துளை போட்டு, அடியில் 2 அங்குலம் சரளை இட்டு, சரளைக்கு மேல் ஓரடி நிற்கும்படி நீர் ஊற்றி இரவு முழுவதும் ஊறவிடுங்கள். மறுநாள் சரளைக்கு மேல் 6 அங்குலம் நீர் இருக்கும்படி சரிசெய்துவிட்டு, மட்டம் 1 அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி போதும். 30 முதல் 60 நிமிடம் என்றால் குழிக்குப் பதிலாகச் சரளை நிரப்பிய நீண்ட பள்ளங்களில் நீரைப் பரவவிட வேண்டும். 60 நிமிடத்துக்கு மேல் என்றால் அந்த மண் நீரை வாங்காது. தொட்டிக்கு அடுத்து வடிகட்டி அறை ஒன்று கட்ட வேண்டியிருக்கும், அதற்குப் பொறியாளரின் துணை தேவை.

பொதுவாகச் செம்மண்ணில் சிக்கல் குறைவு. கரிசல் மண்ணில் நீர் இறங்க மறுக்கும். கடற்கரை மணலில் நீர் மிக வேகமாக இறங்குவதைப் பார்த்து மகிழ வேண்டாம், வடிகட்டப்படாமலே அது கிணற்றைச் சேர்ந்துவிடும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள் ஏறிவரும் இடங்களில் சாதாரண உறிஞ்சுகுழி வேலை செய்யாது. எனவே சித்திரையில் பார்த்த கிணற்று மட்டத்தை நம்பாமல், ஐப்பசி கார்த்திகையில் எவ்வளவு ஏறும் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 3: அளவு

5 பேர் உள்ள வீட்டுக்கு, 2 ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுப்பதாக வைத்துக்கொண்டால், உள்ளளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1.05 மீட்டர் நீர் ஆழம் போதும். 10 பேருக்கு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் நீர் ஆழம். இது ஏறத்தாழ 2,500 லிட்டர் கொள்ளும். நீர் மட்டத்துக்கு மேல் 30 சென்டிமீட்டர் வெற்றிடம் விட வேண்டும் என்பதால், கொத்தனாரிடம் சொல்லும் ஆழத்தில் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீளம் அகலத்தைப்போல் 2 முதல் 4 மடங்கு இருந்தால்தான் கழிவு படிவதற்கு நேரம் கிடைக்கும். இடம் இருக்கிறதே என்று சதுரமாகக் கட்டக் கூடாது. குளியலறை, சமையலறை நீரைத் தனிக் குழிக்கு விட்டுவிடுவது நல்லது. மழைநீரை எக்காரணம் கொண்டும் தொட்டிக்குள் விடாதீர்கள்.

படி 4: கட்டுமானம்

அடியில் 6 அங்குலக் கான்கிரீட், சுற்றிலும் 9 அங்குலச் செங்கல் சுவர், உள்ளும் வெளியும் 1:3 கலவையில் பூச்சு என்பது வழக்கமான முறை. கொள்ளளவு 2,000 லிட்டருக்கு மேல் போனால் கழிவு நுழையும் பக்கத்திலிருந்து நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, அடித்தளத்திலிருந்து ஓரடி உயரத்தில், கசடும் ஏடும் புகாதவாறு அதில் திறப்பு விட வேண்டும்.

குழாய் வேலையில் கொத்தனாரின் பக்கத்திலேயே நில்லுங்கள். வீட்டிலிருந்து வரும் 4 அங்குலக் குழாய்க்கு 10 அடிக்கு 3 அங்குலம் என்ற அளவில் சரிவு போதும். வெளியேறும் குழாயின் அடிமட்டம் உள்வரும் குழாயின் அடிமட்டத்தைவிட 5 சென்டிமீட்டர், அதாவது 2 அங்குலம், தாழ்ந்திருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள், கண்மட்டத்தை நம்ப வேண்டாம். இரண்டு முனைகளிலும் ஆங்கில T எழுத்து வடிவக் குழாய் இணைப்பான 'டீ' பொருத்தி, அதன் கீழ்க்கால் நீருக்குள் ஏறத்தாழ ஓரடி இறங்கியிருக்கும்படி செய்யுங்கள். வெளியேறும் பக்கத்து டீயை மிச்சப்படுத்தினால் மிதக்கும் ஏடு நேராக உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். சில நூறு ரூபாய்ப் பொருளுக்காகக் குழியையே மறுபடி தோண்ட நேரும்.

காற்றுக் குழாய் குறைந்தது 2 அங்குல விட்டத்தில், வீட்டின் உச்சிக்கு மேல் 2 மீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். அதன் வாயில் கொசுவலை கட்டுங்கள். கியூலெக்ஸ் கொசுவுக்குச் செப்டிக் டேங்கைப்போல் உகந்த இடம் வேறில்லை.

படி 5: மூடிகள்

உள்வரும் டீக்கு நேர்மேலே ஒன்றும், வெளியேறும் டீக்கு நேர்மேலே ஒன்றுமாக இரண்டு மூடிகள் வையுங்கள். வட்டமாக இருந்தால் 50 சென்டிமீட்டர் விட்டம், நீள்சதுரமாக இருந்தால் 45 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர் போதும். விளிம்பு தரையைவிடச் சற்று உயர்ந்திருந்தால் மழைநீர் புகாது. குழந்தைகள் நகர்த்த முடியாத கனம் வேண்டும், அல்லது பூட்டு வேண்டும். டைல்ஸ் பதிக்கிறவர் அழகுக்காக மூடியை மறைக்கச் சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். மேலிருந்தே குழாயை விட்டுக் கசட்டை உறிஞ்ச வழியில்லாத தொட்டிதான், பின்னாளில் ஒரு மனிதரை உள்ளே இறக்கச் சொல்லும் நிலைக்கு வீட்டாரைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

படி 6: உறிஞ்சுகுழி

குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலமும், குழாய் நுழையும் மட்டத்துக்குக் கீழே 1 மீட்டர் ஆழமும் வேண்டும். உட்புறச் செங்கல்லைக் கலவை வைக்காமல் இடைவெளி விட்டு அடுக்கி, செங்கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே 3 அங்குலம் ஜல்லி இட வேண்டும். குழாய் மட்டத்துக்கு மேலே மட்டும் கலவை வைத்துக் கட்டலாம். செங்கல் அடுக்காமல் குழி முழுவதையும் உடைந்த செங்கல் துண்டுகளால் நிரப்பிவிடும் முறையும் உண்டு. அடியில் கான்கிரீட் போட்டுவிட வேண்டாம். பழக்கத்தில் போட்டுவிடும் ஆட்கள் இருக்கிறார்கள்.

படி 7: பயன்பாட்டுக்குக் கொண்டுவருதல்

மண் மூடும் முன் தொட்டியில் நீர் நிரப்பி, சுவர் உறிஞ்சிக்கொள்ள ஒரு நாள் விட்டு, மறுபடி நிரப்பி, அடுத்த 24 மணி நேரத்தில் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். கசிவு இல்லை என்றால் அந்த நீரை வெளியேற்றாமல் அப்படியே பயன்படுத்தத் தொடங்கலாம். மக்கிய சாணத்தைக் கரைத்து ஊற்றினால் செரிமானம் சற்று விரைவில் தொடங்கும். ஊற்றாவிட்டாலும் கழிவிலேயே வேண்டிய நுண்ணுயிரிகள் இருக்கின்றன. கடையில் விற்கும் பொடிகளுக்குச் செலவு செய்வது தேவையற்றது என்பது என் கருத்து. எந்தப் பொடியும் கசடு எடுக்கும் வேலையைத் தவிர்க்காது.

பராமரிப்பு

நாப்கின், துணி, குழந்தைகளின் டயபர், மணல், சமையல் எண்ணெய் ஆகியவை கழிப்பறைக்குள் போகக் கூடாது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அளவின்றி ஊற்றினால் செரிக்கும் நுண்ணுயிரிகள் மடியும்.

ஆண்டுக்கு ஒருமுறை கசட்டின் உயரத்தை அளந்து பாருங்கள். நீண்ட கம்பின் அடிப்பகுதியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, வெளியேறும் பக்கத்து மூடியைத் திறந்து, வெளியில் நின்றபடியே அடிவரை இறக்கிச் சில நிமிடம் பிடித்திருந்து எடுத்தால், கருமையாகப் படிந்த உயரம் கசட்டைக் காட்டும். அது நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்டால் லாரியை அழைக்க வேண்டும். சராசரி வீட்டில் 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை இது நேரும். மூடியைத் திறந்ததும் எட்டிப் பார்க்காதீர்கள். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. உள்ளே மீத்தேன் தீப்பற்றும். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாக இருக்கும்போது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும் என்பதால், நாற்றம் இல்லை என்பது ஆபத்து இல்லை என்பதாகாது.

கசடு எடுக்க உரிமம் பெற்ற வண்டியை மட்டும் அழையுங்கள். தமிழ்நாட்டில் 14420 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். கசட்டை எங்கே கொட்டப் போகிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. ஏரியும் வயலும் அதற்கான இடமல்ல. செங்கல்பட்டு மாவட்டக் கருங்குழியில் உள்ளதுபோன்ற கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்கோ கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ அது போக வேண்டும்.

எந்தச் சூழ்நிலையிலும் ஆளை உள்ளே இறக்க அனுமதிக்காதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம், வீட்டு உரிமையாளருக்கும் இது பொருந்தும். இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. யாரேனும் தவறி விழுந்துவிட்டால், காப்பாற்றப் பின்னாலேயே குதிக்காமல் 101 அல்லது 112க்கு அழையுங்கள். ஒருவரை மீட்க இறங்கி அடுத்தடுத்து உயிரிழந்தவர்கள் பலர்.

கசடு எடுத்த பிறகு தொட்டியைக் கழுவ வேண்டாம். அடியில் கொஞ்சம் கசடு மிஞ்சினால் அதுவே அடுத்த சுற்றுக்கு விதையாகும். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் மழைக்காலத்தில் காலித் தொட்டியை, குறிப்பாகப் பிளாஸ்டிக் தொட்டியை, கீழிருக்கும் நீர் மேலே தூக்கிக் குழாய் இணைப்புகளை முறித்துவிடக்கூடும். ஆகவே லாரி கிளம்பியவுடன் வெளியேறும் குழாய் மட்டம் வரை நல்ல தண்ணீரை நிரப்பி மூடியை மூடுங்கள். கசடு எடுத்த தேதியையும் மூடிகள் இருக்கும் இடத்தின் சிறு வரைபடத்தையும் மின்மீட்டர் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள்.