வெள்ளம் வருவதற்குள் நாய், பூனையை எப்படித் தயார் செய்வது?

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்ற வண்டிகளையே தண்ணீர் இழுத்துப் போனது. கடலே இல்லாத கிருஷ்ணகிரிக்குப் புயல் எங்கே வரப்போகிறது என்று இனி யாரும் இருக்க முடியாது. வேனே நிற்காத வெள்ளத்தில், சங்கிலியில் கட்டிய நாயால் தப்பிக்கவே முடியாது.

படி 1: போகும் இடத்தை முடிவு செய்யுங்கள். நிவாரண முகாமில் நாயைச் சேர்ப்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். மேட்டில் வீடு இருக்கிற சொந்தக்காரர் ஒருவரிடம், "அடைமழை என்றால் நாயோடுதான் வருவோம்" என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

படி 2: ஒரு பை. மூன்று நாள் தீனி, தண்ணீர் (10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு அரை லிட்டராவது வேண்டும்), தட்டு, பழைய போர்வை. வெறிநாய்த் தடுப்பூசி அட்டையை பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் செல்போன் எண்ணை அழியாத மையில் எழுதுங்கள்.

படி 3: பூனைக்குக் கூடை. இதுதான் சிரமமான வேலை. பயந்த பூனை கைக்கு அடங்காது, பிறாண்டிவிட்டு ஓடிவிடும். கடைக் கூண்டு விலை அதிகம் என்றால், ராயக்கோட்டை மண்டியில் தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டு போதும். ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்து, நான்கு மூலையிலும் கயிறு கட்டுங்கள். காற்றும் போகும், தூக்கவும் வசதி. ஆனால் மழையன்றைக்குத்தான் அதை முதன்முதலில் காட்டினால் பூனை உள்ளே போகாது. இப்போதே ஒரு கிரேட்டில் துணி விரித்துத் திண்ணையில் வையுங்கள், சோறும் அதற்குள்ளேயே வையுங்கள். சில நாளில் தானாகவே அதில் போய்ப் படுக்கும்.

படி 4: எச்சரிக்கை வந்தவுடன் நாய், பூனை எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். இருட்டிய பிறகு தேடினால் கிடைக்காது. எந்த வழியும் இல்லாமல் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றால், தயவுசெய்து கட்டிப்போட்டுப் போகாதீர்கள். மாடியறையைத் திறந்து, தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போங்கள். மாடு, ஆடு இருந்தால் கயிற்றை அவிழ்த்து மேட்டுப் பக்கம் ஓட்டிவிடுங்கள். கோழிப் பஞ்சாரத்தையும் தூக்கி, கோழிகளை வெளியே விட்டுவிடுங்கள்.

படி 5: தண்ணீர் வடிந்த பிறகு. அறுந்த மின்கம்பி, பாம்பு இருக்கிறதா என்று நீங்கள் பார்த்துவிட்டு அப்புறம் நாயை விடுங்கள். தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வரும், அது மனிதருக்கும் தொற்றும். நாயின் காலையும் வயிற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரை துடையுங்கள். காயமோ சோர்வோ தெரிந்தால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. இந்த எண்ணை இன்றைக்கே செல்போனில் பதிந்து வையுங்கள்.